ரெண்டு சிலிண்டர் மிஸ் அடிச்சா எந்த ரெண்டுன்னு பாருங்க: ஃபயரிங் ஆர்டர் வச்சு கோளாறு பிடிக்கற வழி

இன்ஜின் மிஸ் அடிக்குதுன்னா, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் தன் முறைக்கு வெடிக்காம விட்டா, நம்ம ஆளுங்க முதல்ல பண்றது பிளக் மாத்தறது, அடுத்து பிளக் வயர், அப்புறம் காயில் (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கரன்ட் கொடுக்கறது), அதுலயும் சரியாகலன்னா பெட்ரோல் பம்ப், இப்படியே பில்லு ஏறிக்கிட்டே போகும். அதுக்கு முன்னாடி எந்த சிலிண்டர் செத்துக் கிடக்கு, ரெண்டுன்னா எந்த ரெண்டுன்னு பார்த்துட்டா பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும். அந்த ரெண்டும் பிளாக்குல பக்கத்து பக்கத்துல இருக்கா, ஃபயரிங் ஆர்டர்ல (சிலிண்டர்கள் வெடிக்கற வரிசை) அடுத்தடுத்து வருதா, இல்ல ஒரே காயில்ல இருந்து கரன்ட் வாங்குதா, இந்த மூணும் மூணு தனி நோய், மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

அடிப்படைய வேகமா சொல்லிடறேன். ஃபோர் ஸ்ட்ரோக்ல (இன்டேக், கம்ப்ரஷன், பவர், எக்ஸாஸ்ட்னு நாலு கட்டம்) கிராங்க் (பிஸ்டன்கள் சேர்ந்து சுத்தற தண்டு) ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தடவைதான் வெடி, அதாவது 720 டிகிரிக்கு ஒண்ணு. நாலு சிலிண்டர்னா 180 டிகிரிக்கு ஒரு வெடி, மூணுன்னா 240, ஆறுன்னா 120, வி8ன்னா 90. இன்லைன் நாலுல 1ம் 4ம் சேர்ந்து மேல வரும், 2ம் 3ம் சேர்ந்து வரும், கிராங்கோட அமைப்பே அப்படித்தான், அதனால 1 வெடிச்ச பிறகு அடுத்ததா வெடிக்க முடிஞ்சது 2 அல்லது 3 மட்டும்தான். ஆக மொத்தம் 1-3-4-2, இல்லன்னா 1-2-4-3, இந்த ரெண்டு ஆர்டர்தான் சாத்தியம், எதுங்கறதை முடிவு பண்றது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கற தண்டு). நம்ம ரோட்ல ஓடறதுல பெரும்பாலும் 1-3-4-2, பழைய பிரிட்டிஷ் ஃபோர்டு கென்ட் இன்ஜின்ல 1-2-4-3. மூணு சிலிண்டர் மாருதி 800, ஆல்டோ கே10 எல்லாம் 1-3-2. லாரி பஸ்ல வர்ற இன்லைன் ஆறு 1-5-3-6-2-4.

நம்பர் ஒன் எந்தப் பக்கம்னு தெரியாம வேலை ஆரம்பிக்காதீங்க. இன்ஜின் நீளவாக்குல இருக்கற வண்டில ரேடியேட்டர் பக்கம் இருக்கறது 1, குறுக்க இருக்கற வண்டில பொதுவா பெல்ட், புல்லி இருக்கற பக்கம். ஆனா ரெனோ கே9கே டீசல் (டஸ்டர், லோகன்ல வந்தது) தலைகீழ், அதுல ஃப்ளைவீல் பக்கம்தான் 1, அதாவது கியர்பாக்ஸை ஒட்டி. இது தெரியாம ஸ்கேனர் (வண்டியோட கம்ப்யூட்டர் சொல்ற கோளாறைப் படிக்கற கருவி) 1ன்னு காட்டினதுக்கு 4வது இன்ஜெக்டரைக் கழட்டி சர்வீஸுக்கு அனுப்பினா காசுதான் போகும்.

“டிஸ்ட்ரிபியூட்டர் கழட்டி மாட்டினதுல இருந்து ஸ்டார்ட்டே ஆகல, கார்புரேட்டர்ல நெருப்பு துப்புது”

அம்பாசடர், பழைய மாருதி 800, ஓம்னி மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளோட கதை இது. டிஸ்ட்ரிபியூட்டர்ங்கறது காயில் கரன்ட்டை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் கொடுக்கறது; உள்ள சுத்தறது ரோட்டார், மேல மூடி கேப், கேப்ல ஒவ்வொரு பிளக் வயரும் மாட்டற இடம் டவர். செல்ஃப் நல்லா அடிக்குது, பிளக்ல கரன்ட் வருது, பெட்ரோல் வருது, ஆனா பிடிக்கவே மாட்டேங்குது, நடுவுல டப்புனு கார்புரேட்டர் வாய்ல ஒரு வெடி. அநேகமா டைமிங் ஒரு முழு சுத்து தள்ளிப் போயிருக்கு. அதாவது கம்ப்ரஷன் முடியறப்ப வர வேண்டிய ஸ்பார்க் எக்ஸாஸ்ட் முடியறப்ப வருது, அந்த நேரத்துல இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிச்சிருக்கும், அதனாலதான் நெருப்பு மேல வருது.

இதுக்கு பழைய வழிதான் நல்ல வழி. 1வது பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டைல கட்டை விரலை அழுத்தி வைங்க, இன்னொருத்தர் கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு மெதுவா சுத்தட்டும், பழைய அம்பாசடர்னா ஹேண்டில் போட்டே சுத்தலாம். விரலை உள்ளேருந்து காத்து தள்ளணும், புஸ்ஸுனு பக்கவாட்டுல பிச்சுக்கிட்டு வரும், அதுதான் கம்ப்ரஷன். புல்லில இருக்கற மார்க்கை மட்டும் நம்பி வச்சா மாட்டிக்குவீங்க, ஏன்னா மார்க் ரெண்டு சுத்துல ரெண்டு தடவை வரும், அதுல ஒண்ணுதான் கம்ப்ரஷன். காத்து தள்ளினதும் மார்க்கை நேரா கொண்டு வந்து நிறுத்திட்டு டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் தூக்கிப் பாருங்க. ரோட்டார் எந்த டவரைக் காட்டுதோ அதுதான் இப்ப 1, கேப்ல பழைய கை எழுதின நம்பர் என்னவா இருந்தாலும் சரி. அங்கேருந்து ரோட்டார் சுத்தற திசைல 3, 4, 2ன்னு வயரைப் போட்டுக்கிட்டே போங்க.

ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கற கை) மேல இருக்கற கவர் திறந்திருந்தா விரலே வேண்டாம். 4வது சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு மூடி இன்டேக் திறக்கற அந்த இடைவெளில ரெண்டு ராக்கரும் ஒண்ணு ஏற ஒண்ணு இறங்கும், அப்ப 1 கம்ப்ரஷன்ல மேல நிக்குது, 1வதோட ரெண்டு ராக்கரும் லூசா ஆடும்.

அம்பாசடர்ல டிஸ்ட்ரிபியூட்டர் அடில இருக்கற நாக்கு நடு மையத்துல இருக்காது, ஒரு பக்கமா தள்ளி இருக்கும், அதனால அதைத் தப்பா உக்கார வைக்க முடியாது. ஆனா ஓவர்ஹால்ல உள்ள இருக்கற டிரைவ் கியரையே உருவி இருந்தா அது எந்தப் பல்லுல வேணா உக்காந்திருக்கும். அதுக்காக மறுபடி உருவ வேண்டியதில்ல, மேல சொன்ன மாதிரி ரோட்டார் காட்டற டவரை 1ன்னு வச்சுக்கிட்டா வண்டி ஓடும், வயர் நீளம் மட்டும் இடிக்கலாம்.

“ஸ்டார்ட் ஆகுது, ஆனா ரெண்டு சிலிண்டர்லதான் ஓடுது”

இங்கதான் ஃபயரிங் ஆர்டர் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் தெரியும்.

அம்பாசடர் பி.எம்.சி. 1489 சிசி இன்ஜின்ல ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்திசைல சுத்தும். இது தெரியாம ஒருத்தர் 1-3-4-2வை கடிகார திசைல அடுக்கிட்டார்னு வைங்க. என்ன ஆகும்? 1 சரியா வரும், அதுக்கு நேர் எதிர்ல இருக்கற 4ம் சரியா வரும், 2ம் 3ம் மட்டும் இடம் மாறி ஒரு முழு சுத்து தள்ளி ஸ்பார்க் வாங்கும். வண்டி தட்டுத் தடுமாறி ஸ்டார்ட் ஆகி 1லயும் 4லயும் மட்டும் ஓடும். அதைப் பார்த்துட்டு “நடுவுல இருக்கற 2ம் 3ம் பக்கத்து பக்கத்துல செத்திருக்கு, ஹெட் கேஸ்கட் போச்சு”ன்னு ஹெட்டைத் தூக்கற கேஸ் ரொம்ப சகஜம், கேட்க நியாயமா இருக்கறதுதான் பிரச்சினையே, ஏன்னா 2ம் 3ம் சேர்ந்து போனா கேஸ்கட்டும் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) ஒரு சந்தேகம்தான். ஆனா கேஸ்கட் போயிருந்தா கம்ப்ரஷன் கேஜ் காட்டிக் கொடுத்துடும், மத்த ரெண்டும் 150 பி.எஸ்.ஐ. காட்டறப்ப இந்த ரெண்டும் மட்டும் 60, 70ல நிக்கும். நாலும் ஒரே அளவு காட்டினா ஹெட் பக்கமே போகாதீங்க, கேப்பைக் கழட்டி வச்சுட்டு ஒரு ஆளை செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு கண்ணால பாருங்க, ரெண்டு செகண்ட் வேலை.

இன்னொரு வகை, ஆர்டர்ல அடுத்தடுத்து வர்ற ரெண்டு வயர் மாறினது, உதாரணத்துக்கு 3ம் 4ம். 4க்கு அரை சுத்து முன்னாடியே ஸ்பார்க் வந்துடும், அப்ப அது இன்டேக் முடிச்சு இன்டேக் வால்வு இன்னும் சரியா மூடாத நேரம், கார்புரேட்டர்ல தும்மும். 3க்கு அரை சுத்து லேட்டா வரும், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கற நேரம், சைலன்ஸர்ல வெடிக்கும். ஆக மேலயும் தும்மி கீழயும் வெடிச்சா பக்கத்து டவர் வயர் ரெண்டு மாறியிருக்குன்னு முக்கால்வாசி தைரியமா சொல்லலாம்.

“சான்ட்ரோ மாதிரி காயில் பேக் வண்டி, ரெண்டு சிலிண்டர் அவுட்”

சான்ட்ரோல டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒரு காயில் 1க்கும் 4க்கும் ஒரே நேரத்துல ஸ்பார்க் கொடுக்கும், இன்னொரு காயில் 2க்கும் 3க்கும். ஜோடில ஒண்ணு கம்ப்ரஷன்ல இருக்கறப்ப இன்னொண்ணு எக்ஸாஸ்ட்ல இருக்கும், அங்க அடிக்கற ஸ்பார்க் வீண், யாருக்கும் தொந்தரவு இல்ல. இதுனால ஒரு வேடிக்கை என்னன்னா இந்த மாதிரி வண்டில 2வது வயரையும் 3வது வயரையும் மாத்தி மாட்டினா இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது, ஜம்முனு ஓடும். அதே வேலைய அம்பாசடர்ல பண்ணா ரெண்டு சிலிண்டர் காலி.

இப்ப ஜோடிகளைப் பாருங்க. 1ம் 4ம் சேர்ந்து அவுட் ஆனா அவங்க பிளாக்குல ரெண்டு கோடில இருக்காங்க, ஆர்டர்லயும் அடுத்தடுத்து இல்ல, அவங்களைச் சேர்க்கறது காயில் ஒண்ணுதான், அதனால சந்தேகம் நேரா காயில் இல்லன்னா அதுக்கு வர்ற கனெக்டர். 2ம் 3ம் அவுட்னா காயிலும் இருக்கலாம் கேஸ்கட்டும் இருக்கலாம், கேஜ் போட்டுதான் பிரிக்கணும். 1ம் 2ம், இல்ல 3ம் 4ம்னா காயில் ரெண்டும் வேற வேற, அப்ப கேஸ்கட் பக்கம் முதல்ல பாருங்க. 1ம் 3ம், இல்ல 2ம் 4ம் சேர்ந்து அவுட்னா காயில் பேக் வண்டில அதுக்கு அநேகமா ஒரே அர்த்தம்தான், யாரோ அந்த ரெண்டு வயரை மாத்திப் போட்டிருக்காங்க, இல்லன்னா ரெண்டு தனித்தனி கோளாறு ஒரே நேரத்துல வந்திருக்கு, ரெண்டாவது ரொம்ப அபூர்வம்.

ஒரு வயர் மட்டும் உள்ள அறுந்திருந்தாலும் சில நேரம் ஜோடி ரெண்டுமே தடுமாறும், கரன்ட் ஒரு பிளக் வழியா போய் ஹெட் வழியா இன்னொரு பிளக் வழியாத்தான் திரும்பி வருது. அதனால காயில் வாங்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு நாலு வயரையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாருங்க.

“மழை பெய்ஞ்சா மட்டும், இல்ல காலைல பனில மட்டும் மிஸ் அடிக்குது”

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டின்னா கேப்பைக் கழட்டி உள்பக்கத்தை நல்ல வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டு டவருக்கு நடுவுல பென்சில்ல கீறின மாதிரி மெல்லிசா, கொஞ்சம் கிளை விட்டு ஒரு கருப்புக் கோடு ஓடும். அழுக்குன்னு துடைச்சா போகாது, பிளாஸ்டிக்கே கருகி கார்பன் ஆகியிருக்கு, ஈரம் பட்டதும் கரன்ட் அந்தக் கோடு வழியா பக்கத்து டவருக்குத் தாவிடும். கேப்ல பக்கத்து டவர்னா ஃபயரிங் ஆர்டர்ல அடுத்தது, அதனால இங்க கெட்டுப் போற ஜோடி 1ம் 3ம், 3ம் 4ம், 4ம் 2ம், 2ம் 1ம் இப்படித்தான் வரும். 1ம் 3ம் சேர்ந்து அவுட்னு பார்த்தா டிஸ்ட்ரிபியூட்டர் வண்டில என் கை நேரா கேப்புக்குத்தான் போகும். சாண்ட் பேப்பர் போட்டு சுரண்டி ஓட்டறவங்க இருக்காங்க, நாலு நாள் தாங்கும், புது கேப் போட்டுட்டா நிம்மதி.

கேப் சுத்தமா இருந்தா ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு பானட்டைத் திறந்து இன்ஜின் ஓடறப்ப வயர் மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, ஃபேன்ல கை போகாம பார்த்துக்கங்க. எங்க நீல நிறத்துல பொறி தாவுதோ அங்கதான் லீக். குறிப்பா 3வது வயரும் 4வது வயரும் ஒட்டிக்கிட்டு போகுதான்னு பாருங்க, அவங்க பிளாக்லயும் பக்கம் ஆர்டர்லயும் பக்கம், ஒண்ணு வெடிக்கறப்ப இன்னொண்ணு கம்ப்ரஷனை ஆரம்பிக்கற நேரம், அதனால அங்க தாவற கரன்ட் வீணாப் போகாது, வேலையக் காட்டிடும். வயர் கிளிப் போட்டு பிரிச்சு விடுங்க. அமெரிக்க ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8ல 1-8-4-3-6-5-7-2ன்னு வரும், அதுல 5ம் 7ம் அடுத்தடுத்து வெடிக்குது, ஒரே பக்கத்துல பக்கத்து பக்கத்துலயும் இருக்கு, அங்க இந்த வயர் பிரிக்கற வேலை மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி.

வி8 பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். ஷெவர்லே பிறகு கொண்டு வந்த எல்.எஸ். இன்ஜின்ல ஆர்டர் 1-8-7-2-6-5-4-3, பழசுல இருந்து 4ம் 7ம், 2ம் 3ம் இடம் மாறியிருக்கு. பழைய இன்ஜின்லயே 4ம் 7ம் மாறின கேம்ஷாஃப்ட் கடைல கிடைக்கும், அதைப் போட்டுட்டு வயரைப் பழைய ஆர்டர்லயே விட்டா 4ம் 7ம் ரெண்டும் வேலை செய்யாது. கேம் மாத்தினா ஆர்டரும் மாறலாம்ங்கறது எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும்.

“ஒரே ஒரு சிலிண்டர்தான், ஆனா எதுன்னு தெரியல”

முதல்ல ஐட்லிங்ல காதைக் கொடுங்க. சீரா ஒரே தாளத்துல தட்டுதுன்னா குறிப்பிட்ட ஒரு சிலிண்டர்தான் செத்திருக்கு, 800 ஆர்.பி.எம்.ல ஒரு சிலிண்டரோட முறை நிமிஷத்துக்கு 400 தடவை வரும், செகண்டுக்கு ஆறேழு தட்டு. தாளமே இல்லாம எப்பவோ ஒண்ணு எப்பவோ ஒண்ணுன்னு விட்டா பிளக்கை விடுங்க, காத்து லீக், பெட்ரோல் பிரஷர் மாதிரி எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்துல தேடுங்க. ஸ்கேனர் பாஷைல முதலாவது பி0301, பி0302ன்னு வரும், ரெண்டாவது பி0300ன்னு வரும். இ.சி.யூ. (இன்ஜினோட கம்ப்யூட்டர்) இதை எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா கிராங்க் சென்சார் வழியா ஒவ்வொரு வெடிக்கும் கிராங்க் கொஞ்சம் வேகம் எடுக்குதான்னு பார்த்துக்கிட்டே இருக்கும், எடுக்காத இடம் எந்த சிலிண்டரோட முறைன்னு ஃபயரிங் ஆர்டரை வச்சு சொல்லிடும்.

பழைய வண்டில ஒவ்வொரு பிளக் வயரா கழட்டிப் பார்ப்பாங்க, எதைக் கழட்டினா இன்ஜின் சத்தம் மாறலையோ அது செத்தது. புது வண்டில அதைப் பண்ணாதீங்க, காயில் போகும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அதையும் கெடுக்கும், அதுக்கு பதிலா இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டுங்க. மாருதியோட கே சீரிஸ் இன்ஜின் மாதிரி ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் இருந்தா இன்னும் சுலபம், 2வது காயிலை 3க்கு மாத்திப் போடுங்க, ஸ்கேனர் காட்டற கோளாறு நம்பரும் கூடவே 3க்கு வந்தா காயில், வரலன்னா அடுத்து பிளக், அப்புறம் இன்ஜெக்டர். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க.

மூணு சிலிண்டர் வண்டில ஒண்ணு செத்தா சொல்லவே வேண்டாம், வண்டியே குலுங்கும். பழைய 800ல வயர் மாறினா ஒரு சிலிண்டர் மட்டும் சரியா இருக்கும், மத்த ரெண்டும் 240 டிகிரி தள்ளிப் போயிடும், ஒண்ணு இன்டேக் நடுவுலயும் ஒண்ணு எக்ஸாஸ்ட் நடுவுலயும் ஸ்பார்க் வாங்கும், ஒரு சிலிண்டரை வச்சுக்கிட்டு அது ஸ்டார்ட் ஆனாலே அதிசயம்.

“அம்பாசடர், 1ம் 2ம் மட்டும் வீக்கா இருக்கு, கம்ப்ரஷன் நல்லா இருக்கு, கேப்பும் நல்லா இருக்கு”

இந்த இன்ஜினோட ஹெட்ல 1க்கும் 2க்கும் ஒரே இன்டேக் போர்ட், 3க்கும் 4க்கும் ஒண்ணு. மேனிஃபோல்டு (ஹெட்டுக்குக் காத்து-பெட்ரோல் கலவையக் கொண்டு போற குழாய்) கேஸ்கட் அந்த ஒரு இடத்துல காத்து உறிஞ்சினா ரெண்டுமே சேர்ந்து தடுமாறும். ஐட்லிங்ல கேஸ்கட் ஓரமா தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க, சத்தம் மாறினா அங்கதான், முதல்ல நட்டை டைட் பண்ணிப் பாருங்க.

“டீசல், பம்ப் வேலை பார்த்த பிறகு தட்டுது, வெள்ளைப் புகை”

டீசல்ல ஸ்பார்க் இல்லங்கறதால ஃபயரிங் ஆர்டர் இல்லன்னு நினைக்கறவங்க உண்டு, அது பம்ப்ல ஒளிஞ்சிருக்கு. வரிசையா எலிமென்ட் (சிலிண்டருக்கு ஒண்ணா குட்டி பம்ப்) இருக்கற இன்லைன் பம்ப்னா பம்போட கேமே ஆர்டரைப் பார்த்துக்கும், பம்ப் 1ல இருந்து நாஸில் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சறது) 1க்கு, 2ல இருந்து 2க்குன்னு பைப் நேரா போகும். ரோட்டரி பம்ப்ல அப்படி இல்ல, அதோட அவுட்லெட்டே ஃபயரிங் ஆர்டர்ல இருக்கும், பாஷ் வி.இ. பம்ப்ல ஏ, பி, சி, டின்னு எழுத்து போட்டிருப்பாங்க, நாலு சிலிண்டர்ல அது வரிசையா 1, 3, 4, 2க்குப் போகணும். ஒரிஜினல் பைப் வளைவு தப்பா மாட்ட விடாது, லேத்ல வளைச்சு வாங்கின பைப்தான் ஏமாத்தும். தப்பான நேரத்துல போற டீசலுக்கு எரியற அளவு சூடு கிடைக்காது, அதான் வெள்ளைப் புகையா வெளிய வருது.

எந்த சிலிண்டர்னு பார்க்க நாஸில் பைப் நட்டை அரைச் சுத்து லூஸ் பண்ணிப் பார்க்கற பழக்கம் பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். சி.ஆர்.டி.ஐ.ல (காமன் ரெயில் டீசல் இன்ஜின்) அந்த நட்டுல ஸ்பேனரே வைக்காதீங்க, உள்ள ஆயிரம் ‘பார்’ அளவுக்கு மேல பிரஷர், பீச்சற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், அப்படி ஆனா ஊசி குத்தின அளவுதான்னு விடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஆறு சிலிண்டர்ல 1-5-3-6-2-4 ஆர்டரைக் கவனிச்சா முன்பாதில ஒண்ணு பின்பாதில ஒண்ணுன்னு மாறி மாறித்தான் வெடிக்கும். அதனால 1, 2, 3 மட்டும் மொத்தமா வீக்குன்னா ஆர்டர்ல, பம்ப் டைமிங்ல தேடறது வீண், அந்த மூணுக்கும் பொதுவா என்ன இருக்கோ அதைப் பாருங்க, சில லாரி இன்ஜின்ல மூணு மூணு சிலிண்டருக்குத் தனித்தனி ஹெட்டே இருக்கும்.

“இன்டர்செப்டர் 650 ஐட்லிங்ல சமமா ஓடல, மிஸ் அடிக்குதா?”

பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. ராயல் என்ஃபீல்டோட அந்த ரெண்டு சிலிண்டர் பைக்குல கிராங்க் 270 டிகிரி, ஒரு வெடிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 270, அதுக்கப்புறம் 450, இப்படி மாறி மாறி வரும், தாளம் நொண்டித்தான் கேட்கும், அப்படியே டிசைன் பண்ணது. சைலன்ஸர் மாத்தினவங்களுக்கு இது இன்னும் தூக்கலா கேட்கும், அதான் மாத்தின மறுநாளே சந்தேகம் வருது. உண்மையிலேயே மிஸ்ஸான்னு பார்க்க வண்டி ஆறி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்துல ரெண்டு பக்க எக்ஸாஸ்ட் பைப்லயும் ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. ரெண்டும் சுர்ருன்னா வண்டிய ஓட்டிட்டுப் போங்க, ஒரு பக்கம் சொட்டு அப்படியே வழிஞ்சு இறங்கினா அந்தப் பக்கப் பிளக்கைக் கழட்டுங்க.